ஜானவாசக் காரும் ஆம்பியரும்

மயிலாப்பூரில் அந்தக் காலத்தில் ஓடிய கார்களில் பாதி ஆம்பியரால் ஓடின. மீதிப் பாதி ஆம்பியர் கண்ணில் படாமல் தப்பித்ததால் ஓடின. மூன்றாவது ரகம் ஒன்றும் உண்டு. அவை ஆம்பியரின் ஷெட் வாசலில், பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி பானெட்டைத் திறந்துகொண்டு, மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன.

மந்தைவெளியில் ஒரு விறகுத் தொட்டிக்கும் ஒரு சலூனுக்கும் நடுவே தகரக் கொட்டகை போட்டுக் கார் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் அவர். போர்டில் டைனமோ, செல்ஃப், பாட்டரி, ஒயரிங் என்று வரிசையாக எழுதி, அதற்குக் கீழே சிவப்பு பெயிண்டில் 'அவசரப்படுபவர் வேறு கடை பார்க்கவும்' என்று போட்டிருந்தார். காக்கி அரை டிராயர், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பனியன், ஒரு பக்கக் காம்பு உடைந்துபோய் அதற்குப் பதில் சிவப்பு ஒயர் சுற்றிய மூக்குக் கண்ணாடி. இதுதான் ஆம்பியர்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவரேதான். யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அந்தாளா, ரெண்டு ஆம்பியர் கம்மி" என்று முடித்துவிடுவார். போஸ்ட்மேன் ரெண்டு ஆம்பியர் கம்மி, கார்ப்பரேஷன் கவுன்சிலர் நாலு ஆம்பியர் கம்மி, பக்கத்து சலூன்காரர் டிஸ்சார்ஜ் ஆகி வெகு நாளாகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். அது ரேஷன் கார்டில் இருக்கிறது, ரேஷன் கடைக்குப் போகும்போது பார்த்துச் சொல்கிறேன் என்றார். கடைசிவரை சொல்லவில்லை.

ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் வெளிச்சம் போட்ட அந்த மனிதரின் சைக்கிளில் விளக்கு கிடையாது. சாயங்காலம் சைதாப்பேட்டைக்கு வீடு திரும்பும்போது போலீஸ்காரர் பிடித்து நிறுத்துவார். ஆம்பியர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் ஜீப்பின் ஹாரன் எப்படி அடிக்கிறது என்று விசாரிக்க ஆரம்பிப்பார். பேச்சு முடிவதற்குள் போலீஸ்காரரே போகச் சொல்லிக் கெஞ்சுவார்.

ஹாரன் என்று சொன்னேனே, அதுதான் அவருடைய ஸ்டெதாஸ்கோப். கடையில் நல்ல வோல்ட் மீட்டர் ஒன்று இருந்தது. அது பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வீற்றிருக்கும். ஆயுத பூஜையன்று வெளியே வந்து சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விடும். அதை வைத்து அவர் ஒரு பாட்டரியைக்கூட அளந்து நான் பார்த்ததில்லை. கார் வந்து நின்றதும் ஹாரனை அடிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "சுருதி எறங்கிக்கீது. நடு செல்லு போச்சு" என்பார். சங்கீத சீசனில் சபா சபாவாக ஏறி இறங்கிய மயிலாப்பூர்க்காரர்களுக்கு இந்த வைத்திய முறை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஹாரன் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று கார்க்காரர்களே யோசித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

கார் என்பது ஆம்பியரைப் பொறுத்தவரை ஒரு குடும்பம். டைனமோ சம்பாதிக்கிற ஆண்பிள்ளை. எஞ்சின் சுற்றும்போது பெல்ட் அவனையும் சேர்த்துச் சுற்றவைக்கும், அவன் கரண்டு உண்டாக்கிக் கொண்டுவந்து கொடுப்பான். பாட்டரி அதைப் பூட்டிவைக்கிற பெட்டி. லைட்டு, ஹாரன், வைப்பர் எல்லாம் செலவாளிப் பிள்ளைகள். நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. டைனமோ சம்பாதித்துக்கொண்டு வந்தால் கதவைத் திறக்கும். அவன் சும்மா இருக்கும்போது பெட்டியிலிருந்து எடுத்துத் தின்றுவிடாமல் கதவைச் சாத்தும். அதற்கு ஆம்பியர் வைத்த பெயர் மாமியார். டாஷ்போர்டில் எரிகிற சிவப்பு விளக்கு, இன்றைக்கு வீட்டில் சம்பாத்தியம் இல்லை என்று அந்த மாமியார் தெருவில் நின்று கத்துவதாம்.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. லஸ்ஸிலிருந்து ஒரு வக்கீல் சிவப்பு விளக்கு அணையவில்லை என்று வந்தார். ஆம்பியர் பானெட் பக்கமே போகவில்லை. வக்கீலை ஸ்டூலில் உட்காரவைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், யார் போகவில்லை என்று குடைந்தார். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது கடைசியில் வெளியே வந்தது. உடனே ஆம்பியர் எழுந்துபோய் டைனமோவைக் கழற்றினார். உள்ளே கார்பன் தேய்ந்து போயிருந்தது. மாப்பிள்ளைக்கும் கார்பனுக்கும் என்ன சம்பந்தம் என்று வக்கீல் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்தார் என்று மட்டும் கேள்வி.

ஆம்பியருக்குத் தவறே வராது என்று நினைத்துவிடாதீர்கள். அடையாறு டாக்டர் ஒருவரின் காருக்கு அவர் முழு ஒயரிங்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. டாக்டர் திரும்பிவந்து புகார் செய்தபோது, பின்னால் வருகிறவன்தான் பிரேக் விளக்கைப் பார்க்கிறான், முன்னால் வருகிறவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை டைனமோ செத்துப்போயிற்று என்று தீர்ப்புச் சொல்லி, அதைப் பிரித்து, சுற்றி, பூட்டி, திரும்பப் பிரித்து, வாரக்கணக்கில் பாடுபட்ட பிறகு பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. அதற்கும் அவர் அசரவில்லை. டைனமோ இந்தச் சாக்கிலாவது ஓய்வெடுத்ததே என்றார்.

அவர் கைபட்டுச் சரியான கார் எதுவானாலும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்வார். கைபட்டும் சரியாகாத காரை, தன்னால்தான் இந்த அளவாவது உயிரோடு இருக்கிறது என்பார். கைபடாமலே ஓடுகிற கார் தெருவில் போனால், அதன் சொந்தக்காரரின் அப்பா காலத்தில் தான் பார்த்த வேலை இன்னும் நிற்கிறது என்பார். புளுகில் அவருக்கு எந்த ஆம்பியரும் கம்மி இல்லை.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் அக்காவின் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

அக்கா வசந்தாவுக்கு ஏற்கெனவே ஒரு இடம் நிச்சயமாகிற வரைக்கும் வந்து கலைந்திருந்தது. தட்டு மாற்றிக்கொள்கிற நேரத்தில், யாரோ வேர்க்கிறது என்று ஃபேனைப் போட, குத்துவிளக்கு அணைந்துபோயிற்று. பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஜாதகம் பொருந்தவில்லை, பொருந்தின இடத்தில் அந்த விளக்குக் கதை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அக்கா இதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

இரண்டாவதாக அமைந்த இடம் நல்ல இடம். மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை, சாது. ஆனால் அவருக்குத் திருச்சியில் ஓர் அத்தை இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று கரண்டு போயிற்று. திருச்சி அத்தை அந்த இருட்டிலேயே புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். வாசற்படி தாண்டுவதற்குள் கரண்டு வந்துவிட்டதால் திரும்பி வந்து உட்கார்ந்து சொஜ்ஜி சாப்பிட்டார். அவர்கள் போனபிறகு அக்கா அப்பாவிடம் ஒன்று சொன்னாள்.

"இன்னொரு தரம் வெளக்கு அணைஞ்சுதுன்னு யாராவது எழுந்து போனா, அதோட விட்டுடுங்கோ அப்பா. அப்புறம் என்னை யாரும் பாக்க வரவேண்டாம்."

அவள் அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பிள்ளை வீட்டார் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேண்டும், கார் முழுக்க சீரியல் லைட் போட்டிருக்க வேண்டும், நல்ல நாதஸ்வரம் வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மாட வீதி வழியாக ஊர்வலமாக அழைத்துவருவதுதான் ஜானவாசம். நடந்து வந்தால் வெற்றிலை மெல்லுவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் நாதஸ்வரத்துக்குப் பின்னால் காரில் வந்தால் ஒரு முழுக் கச்சேரி ஆகும்.

அது கனத்த முகூர்த்த நாள். ஊரில் இருந்த திறந்த கார்கள் எல்லாம் பேசி முடிந்துவிட்டன. மிஞ்சியது லஸ் பக்கம் ஒரு பெரிய வீட்டின் ஷெட்டில் நின்ற பழைய அமெரிக்கக் கார் ஒன்றுதான். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். மயிலாப்பூரில் பாதி மாப்பிள்ளைகள் அந்த சீட்டில் உட்கார்ந்தவர்கள். ஆனால் கொஞ்ச காலமாக அதற்கு ஒரு வியாதி. எந்த ஜானவாசமானாலும் பாதி வழியில் லைட் மங்கும், அப்புறம் எஞ்சின் நின்றுபோகும். மறுநாள் பாட்டரியைச் சார்ஜ் போட்டு ஓட்டினால் அடையாறு வரைக்கும் அம்பு மாதிரி போய்வரும். எந்த மெக்கானிக்கும் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. மாப்பிள்ளையோடு காரைத் தள்ளித் தள்ளி நொந்துபோன அந்த வீட்டு டிரைவர், ஜானவாசம் என்றாலே லீவு போட ஆரம்பித்துவிட்டார். அதனால் ஓட்டுகிற வேலை பெண்ணின் தம்பியான என் தலையில் விழுந்தது.

மாட வீதி நடுவில் லைட் மங்கினால் திருச்சி அத்தை என்ன செய்வார் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு, காரை ஆம்பியரிடம் கொண்டு போகச் சொன்னார்.

ஆம்பியர் ஹாரனைக் கேட்டார். டைனமோவைக் கழற்றிப் பார்த்துப் பூட்டினார். பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். கட்-அவுட்டைத் திறந்து உள்ளே ஊதினார். பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். பின் சீட்டில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொல்லி, கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தார். சிவப்பு விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டைனமோ நன்றாக இருக்கிறது என்று சொல்லும்படி ஆகிவிட்டது அவருக்கு. ரொம்ப அவமானப்பட்டுப் போனார்.

"நோயே இல்லாத ஆளு ஊட்டாண்ட போனா மட்டும் படுத்துக்கறான்னா, ஊட்ல எதுனா நடந்துகினு கீது நைனா" என்றார். "நான் ஊட்டப் பாக்கணும்."

வீட்டைப் பார்ப்பது என்றால் ஜானவாசத்தைப் பார்ப்பது. எங்கள் முறை வருவதற்கு முன் அந்தக் கார் வேறொரு கல்யாணத்துக்குப் போயிற்று. ஆம்பியர் அழையாத விருந்தாளியாக அதில் கலந்துகொண்டு, பானெட்டில் காதை வைத்தபடி கூடவே நடந்தார். பெண் வீட்டார் அவரைப் பிள்ளை வீட்டு ஆள் என்றும், பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்து, இரண்டு பக்கமும் சந்தனம் கல்கண்டு கொடுத்தார்கள். வழக்கம்போலக் கார் பாதியில் நின்றது. ஆம்பியர் தள்ளக்கூட நிற்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சாமி, காரு மேல தப்பு இல்ல. நாயனத்து மேல தப்பு."

அப்பா ஆம்பியர் வாயருகே முகர்ந்து பார்க்காத குறையாகக் கிட்டே போனார். ஆம்பியர் நிதானமாகத்தான் விளக்கினார். நாதஸ்வரக்காரர் நின்று நின்று ராகம் வாசிக்கிறார். கார் அவருக்குப் பின்னால் ஊர்கிறது. எஞ்சின் முனகலாக ஓடினால் டைனமோ சும்மா ஒப்புக்குச் சுற்றுமே தவிர, மாமியார் கதவைத் திறக்கிற அளவுக்குக்கூடச் சம்பாதிக்காது. ஆனால் ஹெட்லைட், சீரியல் பல்பு, வழி விடச் சொல்லி ஹாரன், செலவு மட்டும் எக்கச்சக்கம். அத்தனையும் பெட்டியிலிருந்தே போகிறது. பெட்டி காலியானால் எஞ்சினுக்கு வேண்டிய பொறியும் கிடைக்காது, அதுவும் படுத்துவிடும். "ஒருத்தனும் சம்பாரிக்காத ஊட்ல தெனிக்கும் தீவாளி கொண்டாடினா இன்னா சாமி ஆவும்?" என்று கேட்டார். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது.

பின்னால் இன்னொரு பாட்டரி வைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். ஆம்பியர் முகம் சுருங்கிப்போயிற்று. அது கடன் வாங்கிக் குடித்தனம் பண்ணுகிற மாதிரி, தன் கையால் அந்தக் காரியம் நடக்காது என்று சொல்லிவிட்டார். லைட்டைக் குறைக்கலாமா என்றால் அப்பா திருச்சி அத்தையை நினைத்து நடுங்கினார். கடைசியில் மிச்சமிருந்த வழி ஒன்றுதான். நாதஸ்வரத்தை வேகமாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.

வித்வான் கும்பகோணம் பக்கத்துக்காரர். ஜானவாசத்தன்று மத்தியானம்தான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். தோடி ராகம் வாசித்தால் ஊரே கட்டுண்டு நிற்கும் என்று பெயர். ஆம்பியரும் நானும் போய்ப் பார்த்தோம். அவர் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாத்தே, தோடிய இருவது மைலு ஸ்பீடுல வாசிக்க முடியுமா?" என்று ஆம்பியர் கேட்டார்.

வித்வான் சீவாளியைக் கீழே வைத்தார். ஆம்பியரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் நாயனம் வாசிக்க வந்திருக்கேன். பந்தயம் ஓட வரலை. இவரை அழைச்சிக்கிட்டுப் போயிடுங்க" என்றார். அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஆம்பியர் அங்கிருந்து நேராகத் தவில்காரரிடம் போனார். அவர் தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரிய சரீரம். யோசனை இதுதான். கியரை எடுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் நகராது, எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றும், டைனமோ சம்பாதிக்கும். ஆனால் அந்தச் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்காது, வித்வான் கோபித்துக்கொள்வார். தவில் முழங்குகிறபோது மிதித்தால் எந்தச் சத்தமும் தெரியாது. ஆகவே தவில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சார்ஜ். தவில்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தவிலைக் கொஞ்சம் குறை என்று சொன்னவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறாராம்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காக்கி டிராயரோடு யாரும் மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில் நடக்கக்கூடாது. ஆம்பியருக்கு ஜரிகை வேஷ்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம் எல்லாம் ஏற்பாடாயின. "எது நடந்தாலும் நீ வாயை மட்டும் தெறக்கப்படாது" என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆம்பியர் அப்போதே வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

ஊர்வலம் புறப்பட்டது. தலையில் காஸ் லைட் வைத்தவர்கள் இரண்டு பக்கமும், நடுவில் நாதஸ்வரம், அதற்குப் பின்னால் கார். பானெட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியர். கையைத் தூக்கினால் நான் மிதிக்க வேண்டும், இறக்கினால் விட வேண்டும். தவில் முழங்கும்போதெல்லாம் அவர் கை உயரும். எஞ்சின் உறுமும், சிவப்பு விளக்கு அணையும், ஹெட்லைட் பளிச்சென்று ஆகும். மாப்பிள்ளை பின்னாலிருந்து மெதுவாகக் குனிந்து, காரில் ஏதாவது கோளாறா என்று என்னைக் கேட்டார். தாளம் போடுகிறேன் என்றேன். சாது என்று முன்பே சொன்னேனே, அப்படியா என்று சாய்ந்துகொண்டார்.

பிள்ளை வீட்டார் ஆம்பியரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜரிகை வேஷ்டி, மூடிய வாய், தவில் வந்தால் உயருகிற கை. ஏதோ பெரிய சங்கீத ரசிகர், ஒருவேளை சபா காரியதரிசி என்றே முடிவு செய்துவிட்டார்கள். திருச்சி அத்தை தாமே வந்து அவருக்குச் சந்தனப் பேலாவை நீட்டினார். ஆம்பியர் வாய் திறக்காமல் தாராளமாக எடுத்துப் பூசிக்கொண்டார்.

ஆனால் கூப்பிடாமலே தவில் நடுநடுவே வந்து விழுந்துகொண்டிருந்தது வித்வானுக்குப் பிடிக்கவில்லை. தவில்காரரை இரண்டு தரம் முறைத்தார். கோவில் குளத்து முனைக்கு வந்ததும் கையமர்த்தித் தவிலை அடியோடு நிறுத்திவிட்டு, நடுத்தெருவில் நின்று தோடியை ஆரம்பித்தார். மண்டபம் அங்கிருந்து பார்த்தால் தெரியும். மாடி ஜன்னலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அக்காவும் அதில்தான் இருந்தாள்.

தோடி வளர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்பியர் கை இறங்கியே இருந்தது. ஹெட்லைட் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து பழுத்த மாம்பழ நிறத்துக்குப் போயிற்று. சீரியல் பல்புகள் கண் சொருக ஆரம்பித்தன. எஞ்சின் ஒரு முறை இருமியது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதென்ன, வெளக்கு மங்கறது?" என்று திருச்சி அத்தை குரல் எழுந்தது. "அணைஞ்சுடும்போல இருக்கே. நன்னா இல்லையே இது." சொல்லிக்கொண்டே அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். அப்பா நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

ஆம்பியர் வாயைத் திறந்தார்.

"அணை நைனா. எல்லா லைட்டையும் அணை."

ஊர்வலம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அசையவில்லை. ஆம்பியர் அத்தையைப் பார்த்துத் திரும்பினார். "பெரியவரு தோடி வாசிச்சிகினு கீறாரு. தோடிய காதால கேப்பாங்களா, கண்ணால பாப்பாங்களா? அதான் நான் அணைக்கச் சொல்றேன். காஸ் லைட்டு, நீங்களும் அப்டி ஓரமா போங்கப்பா. தோடி தெரியாத ஊர்லதான் இந்நேரம் லைட்டு எரியும்."

நான் சுவிட்சுகள் அத்தனையையும் அணைத்தேன். காஸ் லைட்காரர்கள் முனை திரும்பி ஒதுங்கினார்கள். மாட வீதி இருட்டானது.

வித்வான் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்து, இருபது மைல் வேகத்தில் தோடி கேட்ட அதே மனிதரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தலையைத் தாழ்த்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தார். நான் என் வாழ்க்கையில் அப்படியொரு தோடியை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அன்றைக்கும் சரியாகக் கேட்கவில்லை, எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். லைட்டுச் செலவு நின்றதால் அது மெதுவாக, ஆனால் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சி அத்தை என்ன செய்தார் என்கிறீர்களா? மயிலாப்பூர் மாட வீதியில், அத்தனை பேர் எதிரில், தோடி தெரியாதவர் என்று பெயர் வாங்க அவர் தயாராக இல்லை. செருகின தலைப்பை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அதைப் பார்த்துப் பிள்ளை வீட்டார் மொத்தமும் கண்ணை மூடியது.

ராகம் முடிந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த அத்தனையையும் தவில்காரர் ஒரே அடியில் அவிழ்த்துவிட்டார். ஆம்பியர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். நான் மிதித்துக்கொண்டே எல்லாச் சுவிட்சையும் போட்டேன். ஹெட்லைட்டும் சீரியல் பல்பும் சேர்ந்து எரிந்த வெளிச்சத்தில் குளத்துத் தண்ணீர்கூடத் தெரிந்தது. திருச்சி அத்தை அப்பாவிடம் வந்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது எவ்வளவு நல்ல சகுனம் என்று விஸ்தாரமாகச் சொன்னார். அப்பா வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் எஞ்சின் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் என்ன செய்தும் அது கிளம்பவில்லை. ஆம்பியரும் தவில்காரரும் நானும் காரைத் தள்ளிக்கொண்டு போய் ஷெட்டில் விட்டோம். வழிநெடுக ஆம்பியர், தோடியைக் காப்பாற்றியது தான்தான் என்று தவில்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் முகூர்த்தம் ஆயிற்று. கடைசிப் பந்தியில் டிரைவர்களோடும் சமையல்காரர்களோடும் ஆம்பியர் பழைய காக்கி டிராயரில் உட்கார்ந்து, ரசம் சாதத்தைப் பிசைந்தபடி, நேற்றைய பிரதாபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார். நாதஸ்வரத்தின் சுருதி ஒரு ஆம்பியர் இறங்கியிருந்ததாகவும் அதைத் தான் கைகாட்டிச் சரிசெய்ததாகவும் அதற்குள் கதை வளர்ந்திருந்தது. அப்போது அக்கா, மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்தப் பந்திக்கு வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. ஆம்பியரின் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நேத்திக்கு மாடியிலேர்ந்து நான் மாப்பிள்ளையைப் பாக்கவே இல்லை மாமா" என்றாள். "லைட்டெல்லாம் அணைஞ்சப்போ முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் யாரும் எழுந்து போகலை. இருட்டுல நீங்க நின்ன எடத்தையே பாத்துண்டிருந்தேன்."

சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு சேர்ந்து தரையில் விழுந்து அவரை நமஸ்காரம் செய்தாள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஆம்பியர் எழுந்து நின்றார். ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கப் போனவர், எச்சில் கை என்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எந்திரும்மா, எந்திரு" என்றார். "காரு நல்ல காரு, நாயனக்காரரு நல்ல மன்சன். மெய்யாலுமே நான் ஒண்ணும் பண்லமா."

ஆம்பியர் எங்களிடம் அவிழ்த்துவிட்ட புளுகுகளுக்குக் கணக்கே கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய புளுகு அதுதான். அந்த ஒன்றுக்காகவே அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடிக்கும்.